தலைசுற்றல்: காதா, மூளையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு தலைசுற்றல்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வந்தது, இடது பக்கமிருந்து வலது பக்கம் புரண்டு படுத்ததும் அறையே சுழன்றது. ஸ்ட்ரோக் என்று பதறிப்போனோம், கடைசியில் காதுதான். சித்தப்பாவுக்கு வந்ததைக் காது என்று நினைத்து நிம்மதியாக இருந்தோம், அது மூளை. அதற்கப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், பார்த்த மருத்துவர்களையெல்லாம் கேட்டேன். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம், மருத்துவரிடம் சரியான தகவலைச் சொல்லவும் நேரத்தை வீணாக்காமல் கிளம்பவும் இது உதவினால் போதும்.

முதலில் இதைச் சொல்லுங்கள், எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

திடீரென்று தலைசுற்றல் வந்து, அதோடு பேச்சு குழறுகிறது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, முகம் ஒரு பக்கம் கோணுகிறது அல்லது மரத்துப்போகிறது, விழுங்க முடியவில்லை, கை கால் சொன்னபடி கேட்கவில்லை, இதுவரை வராத மாதிரி கடுமையான தலைவலி அல்லது கழுத்துவலி, இப்படி ஏதாவது ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. இவற்றில் எதுவுமே இல்லாவிட்டாலும், பிடிமானம் இல்லாமல் நிற்கவோ உட்காரவோ முடியவில்லை என்றால் அது ஒன்றே போதும், கிளம்புங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்காக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். "மயக்கமா வருது" என்று ஒருவர் சொன்னால், நினைவு தப்பப் போகிறது என்றும் இருக்கலாம், அறை சுழல்கிறது என்றும் இருக்கலாம், நடந்தால் தள்ளாடுகிறது என்றும் இருக்கலாம். சுழல்வது மாதிரி இருந்தால் காது, லேசாக மிதப்பது மாதிரி இருந்தால் வேறு ஏதோ என்று முன்பு பிரிப்பார்கள். இந்தப் பிரிப்பு அவ்வளவு நம்பகமானது இல்லை என்று பிறகு தெரிந்தது. 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், எந்த மாதிரியான தலைசுற்றல் என்று கேட்டுவிட்டு, சில நிமிடங்கள் கழித்து அதே ஆட்களிடம் கேள்வியின் வரிசையை மாற்றிக் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் வேறு பதிலைச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த உணர்வைச் சொல்லில் பிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

எவ்வளவு நேரம் இருந்தது, எதனால் வந்தது, அப்போது நடக்க முடிந்ததா என்ற மூன்றுக்கும் எல்லாராலும் ஓரளவு சரியாகப் பதில் சொல்ல முடியும். காதா மூளையா என்று பிரிக்க உதவுவதும் இந்த மூன்றுதான். "எப்படி இருக்கிறது?" என்று நோயாளியைத் துருவிக்கொண்டிருப்பதைவிட இதைக் கேளுங்கள்.

காதுக்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?

உள்காதில் கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே சமநிலை உறுப்பும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அந்த வேறுபாட்டை நுண்ணிய மயிர்ச் செல்கள் உணர்ந்து எட்டாவது நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் அனுப்பும். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு காதும் சமமாகச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். ஒரு காது திடீரென்று அடங்கிவிட்டால், தலை மறுபக்கம் சுழன்றுகொண்டே இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கண்ணும் அதை நம்பி ஒரு பக்கம் மெல்ல வழுகும், உடனே வெடுக்கென்று திரும்பி வரும். இந்தக் கண் துடிப்புக்குத்தான் நிஸ்டாக்மஸ் என்று பெயர். வெளியே தெரியாத ஓர் உறுப்பின் நிலையைக் கண் காட்டிக்கொடுக்கிறது.

ராபர்ட் பாரானி என்ற மருத்துவர், காதைத் தண்ணீரால் கழுவும்போது தண்ணீர் அதிகக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ இருந்தால் நோயாளிகளுக்குத் தலைசுற்றி, கண் துடிப்பதைக் கவனித்தார். அதிலிருந்து உள்காதைச் சோதிக்கும் முறையையே உருவாக்கி, 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

இந்தச் சமிக்ஞைகளை வாங்கிக் கையாளும் இடங்கள் மூளைத்தண்டும் சிறுமூளையும். அங்கே ரத்த ஓட்டம் நின்றாலும் கிட்டத்தட்ட அதே தலைசுற்றல்தான் வரும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எவ்வளவு நேரம் என்பதிலிருந்து என்ன தெரியும்?

தலையை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பினால் மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது, மற்ற நேரத்தில் ஒன்றுமே இல்லை என்றால் பெரும்பாலும் காதுக்குள் துகள் இடம்பெயர்ந்த பிரச்சினை, பிபிபிவி என்பார்கள். தூண்டுதல் ஏதும் இல்லாமல் தானாக வந்து, சுமார் இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம்வரை இருந்து போனால், கூடவே காதில் இரைச்சலும் அடைப்பும் கேட்கும் திறன் ஏறி இறங்குவதும் இருந்தால், மெனியர் நோய் என்ற உள்காதுக் கோளாறை நினைப்பார்கள். மைக்ரேன் தலைசுற்றலும் இந்த வகையில் வரலாம். ஆனால் சில நிமிடங்கள் தானாக வந்து போன தலைசுற்றல், குறிப்பாகப் பிபி, சுகர், புகைப்பழக்கம் உள்ளவருக்கு முதன்முறையாக வந்தது, மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தற்காலிகமாகக் குறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். போய்விட்டதே என்று விட்டுவிடக் கூடாத வகை இது. மூன்றாவது வகை, தொடங்கி ஒரு நாளுக்கு மேலாக விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. சமநிலை நரம்பு அழற்சியா, ஸ்ட்ரோக்கா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தலையை அசைத்தால் கூடுகிறது, அப்படியானால் காதுதானே?

நிறையப் பேர் தவறிப்போகும் இடம் இது, சில சமயம் மருத்துவம் படித்தவர்கள்கூட. எந்தத் தலைசுற்றலாக இருந்தாலும், ஸ்ட்ரோக்கால் வந்ததாக இருந்தாலும், தலையை அசைத்தால் கூடத்தான் செய்யும். அசையாமல் கிடக்கும்போது முழுக்க நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள். ஆடாமல் படுத்திருக்கும்போது சுத்தமாக ஒன்றுமே இல்லாமல், திரும்பினால்தான் வருகிறது என்றால் அசைவு அதைத் தூண்டுகிறது. சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருந்து, அசைந்தால் இன்னும் மோசமாகிறது என்றால் அசைவு அதைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். தூண்டுவது வேறு, கூட்டுவது வேறு. சித்தப்பா விஷயத்தில் நாங்கள் கோட்டைவிட்டது இதைத்தான்.

புரண்டு படுத்தால் மட்டும் சுற்றுகிறது. என்ன செய்வார்கள்?

அம்மாவுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். உள்காதின் ஒரு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சில சமயம் கழன்று அரைவட்டக் குழாய்க்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள், போய்விடும். தலை சாயும்போது துகள் உருண்டு திரவத்தை இழுக்கிறது, மூளை அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறது. "காதுக்குள் கல் நகர்ந்துவிட்டது" என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

ஈஎன்டி மருத்துவர் அம்மாவை பெட்டில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே பின்னால் சடாரென்று படுக்க வைத்தார், தலை பெட்டின் விளிம்பைத் தாண்டிச் சற்றுத் தொங்கியது. கண்ணை மூடாதீர்கள் அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் மூன்று நான்கு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு விழியும் சுழன்றபடியே நெற்றிப் பக்கமாகத் துள்ளித் துள்ளித் துடிக்க ஆரம்பித்தன, அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தார். இருபது விநாடி இருக்கும், துடிப்பு மெல்ல அடங்கியது. டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-ல் விவரித்த சோதனை இது. சற்றுத் தாமதித்துத் தொடங்குவது, சுழற்சியோடு மேல்நோக்கித் துடிப்பது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குவது, மூன்றும் சேர்ந்தால் பின்பக்கக் குழாயில் துகள் என்று அர்த்தம். படுத்த கணமே தொடங்கி, நேர் கீழ்நோக்கித் துடித்து, அடங்காமலே இருந்தால் மூளையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அதே நிலையிலிருந்து சிகிச்சையைத் தொடங்கினார். சுமார் ஒரு நிமிடம் காத்திருந்து தலையை மெல்ல இடப்பக்கம் 90 டிகிரி திருப்பினார், மறுபடி காத்திருப்பு, உடம்போடு இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து முகம் தரையைப் பார்க்கும்படி செய்தார், மறுபடி காத்திருந்து எழுப்பி உட்கார வைத்தார். எப்லி முறை என்று பெயர், துகளைக் குழாயிலிருந்து பழைய பைக்கே உருட்டிவிடும் வேலை. மாத்திரை இல்லை, ஸ்கேன் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடுகிறது, சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்ப வரலாம். வீடியோ பார்த்து நீங்களே செய்வதற்கு முன், எந்தக் காது, எந்தக் குழாய் என்று ஒருமுறையாவது மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கழுத்தில் பிரச்சினை உள்ளவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

நாள் முழுக்க விடாமல் சுற்றுகிறது, வாந்தியும் இருக்கிறது. இதில் எப்படிப் பிரிப்பது?

சமநிலை நரம்பு வீங்கினாலும் இப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் வைரஸ் காரணம் என்று கருதுகிறார்கள். முதல் நாள் படுத்த படுக்கை, பிறகு நாளுக்கு நாள் குறைந்து, சில வாரங்களில் நடமாட்டம் பழையபடி வரும். சிறுமூளை ஸ்ட்ரோக்கும் முதல் நாளில் அச்சு அசலாக இப்படியே இருக்கலாம், கை கால் பலமெல்லாம் சரியாக இருக்கும்போதே.

இதற்காக ஹின்ட்ஸ் என்று ஒரு மூன்று அடுக்குக் கண் பரிசோதனை இருக்கிறது. முதலாவது, நோயாளியை மருத்துவரின் மூக்கையே பார்க்கச் சொல்லி, தலையைச் சிறிதளவு வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்புவது. காது நரம்பு கெட்டிருந்தால் அந்தப் பக்கம் திருப்பும்போது கண் மூக்கை விட்டு நழுவி, பிறகு ஓடி வந்து பிடிக்கும். விடாமல் தலைசுற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தச் சோதனை இரண்டு பக்கமும் நன்றாக வந்தால் அது கெட்ட செய்தி. காது ஒழுங்காக வேலை செய்கிறது, அப்படியானால் கோளாறு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். முதலில் கேட்டபோது எனக்கே தலைகீழாகப் பட்டது. இரண்டாவது, கண் துடிப்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே திசையிலேயே இருக்கிறதா, இல்லை இடது பார்த்தால் இடதுக்கும் வலது பார்த்தால் வலதுக்கும் மாறுகிறதா. மாறினாலும், நேர் மேலும் கீழுமாகத் துடித்தாலும் மூளை. மூன்றாவது, கண்களை மாற்றி மாற்றி மூடித் திறக்கும்போது விழி மேலேயோ கீழேயோ நகர்ந்து சரிசெய்துகொள்கிறதா. செய்தால் மூளைத்தண்டின் மேல் சந்தேகம் வர வேண்டும். காது என்று சொல்ல மூன்றும் காது பக்கம் நிற்க வேண்டும், ஒன்று பிசகினாலும் மூளை என்று எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பார்ப்பார்கள்.

இது பழகிய கைகள் செய்ய வேண்டிய சோதனை, வீட்டில் வேண்டாம். தலைசுற்றல் அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்து, கண் துடிப்பும் இருப்பவருக்குத்தான் இது பொருந்தும். அம்மா மாதிரி சுற்றி நின்றுவிட்டவருக்கு இதைச் செய்தால் தவறான முடிவுதான் கிடைக்கும்.

வீட்டில் நாம் பார்க்கக்கூடியது நடை. நரம்பு வீக்கம் உள்ளவர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் பெரும்பாலும் யாரையாவது பிடித்துக்கொண்டு கழிவறை வரை போய்விடுவார். சித்தப்பாவால் அதுவும் முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்தால் இடது பக்கமாகச் சரிந்துகொண்டே போனார், தூக்கி நிறுத்தினால் கதவு நிலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார், கையை எடுத்ததும் விழுந்தார். வாந்தியில் களைத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

சிடி ஸ்கேன் எடுத்தாயிற்று, நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. மூளைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் சிடி நன்றாகக் காட்டும். ஆனால் தலைசுற்றலை உண்டாக்கும் ஸ்ட்ரோக் பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைப்பு, அதுவும் மூளையின் பின்பகுதியில். சுற்றிலும் தடித்த எலும்பு இருப்பதால் அந்தப் பகுதி சிடியில் தெளிவாகத் தெரியாது, அடைப்பின் ஆரம்ப மணி நேரங்களில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. சிடி நார்மல் என்றார்கள், காது மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள், நாங்களும் சந்தோஷமாக அழைத்து வந்தோம். மறுநாள் தலைவலி என்றார், மதியத்துக்கு மேல் கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கினார். வேறு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுத்தபோது சிறுமூளையில் பெரிய அடைப்பு, வீக்கம் வேறு. இந்த வீக்கம் இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் கூடி மூளைத்தண்டை அழுத்தக்கூடும். அதனால் தலைசுற்றலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அதிகம் தூங்குகிறார் என்றால், அசதி என்று விட்டுவிடாதீர்கள், தட்டி எழுப்பிப் பாருங்கள். சித்தப்பா பிழைத்துவிட்டார். இன்றும் திரும்பும்போதெல்லாம் சுவரைத் தொட்டுக்கொள்கிறார்.

எம்ஆர்ஐ சிடியைவிடப் பல மடங்கு மேல், ஆனாலும் முதல் இரண்டு நாளில் அதுவும் தவறவிடலாம். 2009-ல் வெளியான ஹின்ட்ஸ் ஆய்வில் 101 நோயாளிகளைப் பார்த்தார்கள். அதில் ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் 12 சதவீதத்தினரை முதல் எம்ஆர்ஐ தவறவிட்டது, கண் பரிசோதனை பிடித்துவிட்டது. அறிகுறி சந்தேகமாக இருந்தால் ஓரிரு நாள் கழித்து மறுபடி எடுப்பது இதனால்தான்.

காதும் கேட்கவில்லை என்றால் காதுப் பிரச்சினை என்று உறுதிதானே?

பல சமயம் ஆமாம். ஆனால் உள்காதுக்கு ரத்தம் போவதே மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயின் கிளையிலிருந்துதான். அது அடைபட்டால் காதும் போகும், மூளையும் பாதிக்கும். அதனால் திடீரென்று ஒரு காது கேட்காமல் போய், விடாத தலைசுற்றலும் சேர்ந்தால் அவசரம்தான். தலைசுற்றலே இல்லாமல் ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தாலும் நாள் கடத்தாதீர்கள், சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் கேட்கும் திறன் மீள வாய்ப்பு அதிகம்.

சுற்றல் கடுமையாக இருந்தால் மூளை, லேசாக இருந்தால் காது என்று சொல்லலாமா?

சொல்லவே முடியாது. குடம் குடமாக வாந்தி எடுக்க வைப்பது பெரும்பாலும் காதுதான், மூளைக் கோளாறில் சில சமயம் சுற்றல் குறைவாகவும் தள்ளாட்டம் மிக அதிகமாகவும் இருக்கும். சுற்றல் லேசு, ஆனால் நிற்க முடியவில்லை என்ற பொருத்தமின்மை தெரிந்தால் அதுவே எச்சரிக்கை.

மைக்ரேன் இருந்தால் தலைசுற்றுமா? தலைவலியே இல்லாமலுமா?

சுற்றும், தலைவலி இல்லாமலும் வரும். ஐந்து நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கலாம், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகும், பெரும்பாலும் முன்பே மைக்ரேன் இருந்திருக்கும். இதுவும் மூளை சார்ந்ததுதான், ஆனால் ஸ்ட்ரோக் மாதிரி ஆபத்து இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், முதல் தடவை வந்ததை மைக்ரேன் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள், திரும்பத் திரும்ப வந்த பிறகு, மற்றவை இல்லை என்று பார்த்த பிறகு வைக்கும் பெயர் அது.

வயது முப்பதுதான். ஸ்ட்ரோக் எல்லாம் வராதே?

வரும். கழுத்தின் பின்புறமாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து அடைப்பு ஏற்படலாம், விபத்து, கழுத்தை வெடுக்கென்று திருகுவது, சில சமயம் காரணமே தெரியாமலும். இதில் இளவயதுக்காரர்கள் அதிகம். இதற்குமுன் வராத கழுத்துவலி, பின்மண்டை வலி, கூடவே தலைசுற்றல் என்றால் வயதைச் சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள்.

கழுத்து எலும்புத் தேய்மானத்தால்தான் தலைசுற்றுகிறது என்றார்களே?

வயது கூடினால் எக்ஸ்ரேயில் தேய்மானம் யாருக்கும் தெரியும், தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும். அந்தப் படத்தை மட்டும் வைத்து அதுதான் காரணம் என்று முடிவு செய்துவிட்டால், எளிதில் சரியாகும் காதுத் துகள் வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகும்.

எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது.

இது காதும் இல்லை, மூளையும் இல்லை, அநேகமாகப் பிபி இறங்குவது. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிபி பாருங்கள், மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான். பிபி மாத்திரை, நீர் வற்றுவது, ரத்தசோகை என்று காரணம் தேட வேண்டும். படபடப்போடு நினைவு தப்பினால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

தலைசுற்றல் மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடலாம்?

வாந்தியையும் சுற்றலையும் அமுக்கும் மாத்திரைகளை நரம்பு வீக்கத்தில் முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான் தருவது நல்லது என்பார்கள். ஒரு காது கெட்டால் மூளை புதிய கணக்குக்குப் பழகிக்கொள்ளும், அதற்கு அசைவும் பார்வையும் வேண்டும். மாத்திரை போட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தால் அந்தப் பழக்கம் தள்ளிப்போகும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் தலை, கண் பயிற்சிகள் ஆரம்பத்தில் சுற்றலைக் கொஞ்சம் கூட்டும். அப்படிக் கூட்டித்தான் மூளையைப் பழக்க முடியும், பயந்து நிறுத்த வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், எழுதியவரிடம் எதுவரை என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், எப்போது தொடங்கியது, ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி அல்லது மணி நேரம், எந்தப் பக்கம் திரும்பினால். முடிந்தால் ஒரு வீடியோவும். பல சமயம் மருத்துவர் முன்னால் உட்காரும்போது எல்லாம் நின்றுபோயிருக்கும். அதனால் சுற்றும்போதே வீட்டில் ஒருவர் செல்போனை முகத்துக்கு அருகில், இரண்டு கண்ணும் தெரியும்படி, வெளிச்சம் உள்ள பக்கமாகப் பிடித்து, நேரே, பிறகு இடது, பிறகு வலது பார்க்கச் சொல்லி அரை நிமிடம் எடுத்தால் போதும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளத்தான் தோன்றும், கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்குச் சொன்ன எதுவாவது இருந்தால் வீடியோவெல்லாம் வேண்டாம், வண்டியை எடுங்கள்.